அழிஞ்சிலுக்கும் ஒரு படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்ததையொட்டி நம் நாளிதழில் இளவேனில் பூக்கள் என்று ஒரு பக்கம் முழுக்க வண்ணப்படங்கள் வந்திருந்தன. இளஞ்சிவப்பு டபேபுயா, குல்மொஹர், கொடைக்கானல் ஜகரண்டா. கண்ணுக்குக் குளிர்ச்சியான படங்கள்தான். ஆனால் டபேபுயாவும் ஜகரண்டாவும் அமெரிக்கக் கண்டத்து மரங்கள். குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. இந்த மண்ணுக்கே உரிய பூ ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மேலூர் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக 32 ஆண்டுகள் வேலை பார்த்தேன். தடுப்பூசிப் பெட்டியோடு எத்தனையோ கண்மாய்க் கரைகளில் நடந்திருக்கிறேன். அப்போது நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற ஒரே நினைப்பு; செடி கொடிகளைப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, முழங்கால் வலிக்காக நடக்கச் சொன்னார்கள். மகன் கொடுத்த செல்போனை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் கரைக்குப் போகிறேன்.

மாசிக் கடைசியில் அய்யனார் கோயிலுக்குப் பின்புறம், இலையெல்லாம் உதிர்த்த ஒரு மரம் கிளை நெடுக வெள்ளையாகப் பூத்து நின்றது. இதழ்கள் ஒடுங்கி நீண்டு பின்னால் வளைந்திருக்கும். நடுவில் கற்றையாக மகரந்தத் தாள்கள். கிட்டே போகும் முன்பே மணம் வந்துவிடும். பூவை மட்டும் படமெடுத்து, செடியின் பெயர் சொல்லும் செல்போன் செயலியில் போட்டால் ஒருமுறை ஒரு பெயர் வந்தது, மறுமுறை வேறு பெயர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா, "இது அழிஞ்சில் தாயி" என்று ஒரே சொல்லில் தீர்த்துவைத்தார். அதன் பழத்துக்காகச் சிறுவயதில் மரமேறிய கதையையும் சொன்னார். இப்போது அந்த மரம் தளிர்விட்டுக் காய்த்திருக்கிறது. ஒரு முழு இளவேனில் எனக்கு அந்த ஒரு மரத்திலேயே கிடைத்தது.

பூவை மட்டும் எடுத்தால் ஏமாறுவோம் என்பதை வெட்பாலை எனக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்தது. வெட்பாலை, குடசப்பாலை இரண்டுக்கும் வெள்ளைப் பூ. இரண்டிலும் இலையைக் கிள்ளினால் பால் வடியும். காயைப் பார்த்தால்தான் சந்தேகம் தீரும். இரண்டுமே இரட்டைக் காய்களாகத் தொங்கும். வெட்பாலையில் அந்த இரண்டும் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும், குடசப்பாலையில் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, எண்ணெய் ஊதாவாக மாறியதும் தோல் நோய்க்குத் தடவுகிற வழக்கம் இங்கே உண்டு. செடி மாறினால் என்ன ஆகும் என்ற பயம் செவிலியருக்கு இருக்காதா? அதனால் இப்போது ஒரு செடிக்கு ஐந்தாறு படம் எடுக்கிறேன். பூ, இலையின் மேல்புறம், அடிப்புறம், இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கின்றனவா மாறி மாறி இருக்கின்றனவா என்பது, காய், கடைசியில் முழுச்செடி. சின்னப் பூவென்றால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். வெள்ளைப் பூவை உச்சி வெயிலில் எடுத்தால் இதழே தெரியாமல் வெளிறிப்போகும்; குடையை விரித்து நிழல் கொடுத்து எடுப்பேன். விஷ்ணுகிராந்திக்கு அந்தக் குடையும் உதவாது. அதன் நீலப் பூவைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும், மதியத்தில் சுருங்கிவிடும்.

முன்பு தடுப்பூசிப் பதிவேடு எழுதியதைப் போலவே இப்போது செடிக்கும் தேதி, இடம், ஊரார் சொல்லும் பெயர் என்று எழுதி வைக்கிறேன். கண்மாயின் நீர் வற்றிய உட்பகுதியில் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும் செருப்படையும், ஈரம் மிச்சமிருக்கும் ஓரத்தில் படரும் பொடுதலையும், அறுப்பு முடிந்த வயலில் ஊதா உருண்டைகளாகப் பூக்கும் கொட்டைக்கரந்தையும் அதில் ஏறியிருக்கின்றன. குனிந்து பார்க்காமல் இவை அகப்படாது. 2022-இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி எங்களுக்குப் பக்கத்தில்தான். வல்லூறுகளைத் தேடி அங்கே வருகிறவர்கள் அண்ணாந்தே நடக்கிறார்கள். காலடியிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு சுத்தம் செய்கிறோம் என்று எங்கள் கரையை இயந்திரத்தால் வழித்தெடுத்தார்கள். வெட்பாலைக் கன்றுகள் எல்லாம் போயின. அடுத்த மழைக்கு அந்த இடத்தில் முளைத்தவை பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும். அங்கே என்னென்ன இருந்தன என்று எழுதிக்கொடுக்க அன்று என்னிடம் ஒரு படம்கூட இல்லை. நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

என் கோரிக்கை சின்னது. வாரத்துக்கு ஒருமுறை, கால் பக்கம் போதும், அந்தந்த மாதத்தில் பூக்கும் நம் மண்ணின் செடி ஒன்றை வெளியிடுங்கள். பூவோடு இலையும் காயும் தெரியும்படி வாசகர்களிடம் படம் கேளுங்கள். ஊருக்கு ஊர் மாறும் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். அவற்றைச் சொல்லக்கூடிய அப்பத்தாக்கள் இப்போது இருக்கிறார்கள்.

எங்கள் கரையில் கொன்றை இந்த வாரம் முதல் சரம் விட்டிருக்கிறது. சென்ற ஆண்டின் கறுத்த நீளக் காய்களும் அதே கிளையில் தொங்குவதால் இரண்டையும் ஒரே படத்தில் எடுக்க முடிந்தது. அதை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.