வில்லியம் கிரீக் சாலையில் வண்டியை நிறுத்திய அந்தப் பெரியவருக்கு நன்றி

தென் ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் இரண்டு நாள் தங்கினோம். 1915-இல் ஓபல் கல் கிடைத்ததால் உருவான ஊர். வெயிலுக்குத் தப்பப் பலர் பூமிக்கடியில் வீடு குடைந்து வாழ்கிறார்கள். அங்கிருந்து நானும் மனைவியும் வில்லியம் கிரீக்குக்குக் கிளம்பினோம். கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் ஐர் உப்பு ஏரியை அங்கிருந்து சிறு விமானத்தில் பார்க்க ஆசை. 160 கிலோமீட்டருக்கு மேல் மண் சாலை.

பாதி வழியில் கூரான கல் பின் டயரைக் கிழித்துவிட்டது. ஸ்டெப்னி இருந்தது, ஆனால் ஜாக்கி மணலில் புதைந்துகொண்டே போனது. போனில் சிக்னல் இல்லை. ஒரு மணி நேரமாக ஒரு வண்டியும் வரவில்லை. மனைவி எதுவும் பேசவில்லை, தண்ணீர் கேன்களை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உங்கள் பழைய பிக்கப் வந்தது. எதுவும் கேட்காமல் ஒரு மரப்பலகையை எடுத்து ஜாக்கிக்கு அடியில் வைத்தீர்கள். இருபது நிமிடத்தில் டயர் மாறியது. மண் சாலைக்குத் தோதாக மற்ற டயர்களிலும் கொஞ்சம் காற்றை இறக்கினீர்கள். "எது நடந்தாலும் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள், தேடுபவர்களுக்கு முதலில் தெரிவது வண்டிதான்" என்று மனைவியிடம் இரண்டு முறை சொன்னீர்கள்.

எதிர்த்திசையில் போக வேண்டியவர், வில்லியம் கிரீக் வரை எங்கள் பின்னாலேயே வந்தீர்கள். பணம் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்திவிட்டுத் திரும்பிப் போனீர்கள்.

ரொம்ப நன்றி ஐயா. உங்கள் பலகை எங்கள் வண்டியிலேயே இருக்கிறது.