ஒளிபுகும் பிளாஸ்டிக்கும் அகச்சிவப்பு சென்சாரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், அறிவியல் கண்காட்சிக்கான செய்முறைகள் பற்றி வந்த கட்டுரையில், ஒளிபுகும் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் வைத்தாலும் அகச்சிவப்பு சென்சார் எதிரில் உள்ள பொருளைக் கண்டுபிடித்துவிடும் என்று ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தது. பல்தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் கற்பிப்பவன் என்ற முறையில், அது எல்லா சென்சார்களுக்கும் பொருந்தாது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

டிவி ரிமோட்டிலும் மாணவர்கள் வாங்கும் தடையறியும் சென்சாரிலும் உள்ள எல்இடி, பெரும்பாலும் 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை உமிழ்கிறது. அக்ரிலிக், பாலிகார்பனேட், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் ஆகிய மூன்றுமே இக்கதிரைக் கண்ணாடி போலவே ஊடுருவ விடுகின்றன. ரிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினால், பல கைபேசிகளில் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னும். நடுவே அக்ரிலிக் துண்டைப் பிடித்தாலும் அது மறையாது.

மனித உடலின் வெப்பத்தை உணரும் சென்சாரின் கதையோ வேறு. நம் தோல் உமிழும் அகச்சிவப்பு 9 முதல் 10 மைக்ரோமீட்டரை ஒட்டி, அதாவது ரிமோட் கதிரைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு அலைநீளத்தில், உச்சம் கொள்கிறது. இக்கதிருக்கு அக்ரிலிக்கும் கண்ணாடியும் சுவர்தான். ஆள் நடமாட்டம் கண்டு எரியும் வாசல் விளக்கு மழையில் நனையக் கூடாதென்று அக்ரிலிக் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, விளக்கு கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விளக்கில் பால் வெள்ளையாக, ஊடே ஒன்றும் தெரியாமல் இருக்கும் சிறு மூடி பாலிஎதிலீனால் ஆனது. உடல் வெப்பத்தை உள்ளே விடுவது அதுதான். கண்ணுக்கு எது தெளிவாகத் தெரிகிறது என்பதை வைத்து இதில் எதையும் முடிவு செய்ய முடியாது. கொரோனா காலத்தில் அக்ரிலிக் தடுப்புக்கு அப்பால் நிற்பவரின் நெற்றியை நோக்கி அகச்சிவப்பு வெப்பமானியை யாராவது நீட்டியிருந்தால், அதில் தெரிந்தது தடுப்பின் வெப்பநிலையாகவே இருந்திருக்கும். காய்ச்சல்காரரும் தப்பித்துப் போயிருப்பார்.

கதிர் ஊடுருவும் இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு, மாணவர்கள் திண்டாடுவது பெரும்பாலும் இதில்தான். தடையறியும் சென்சார், தன் எல்இடி உமிழ்ந்த கதிர் எதிரில் உள்ள பொருளில் பட்டுத் திரும்புவதை ரிசீவர் என்னும் பகுதியால் உணர்கிறது. ஆனால் பிளாஸ்டிக் தகட்டின் ஒவ்வொரு பரப்பும் தன்மீது நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தை எதிரொளிக்கிறது. தொலைவில் உள்ள கையிலிருந்து திரும்பி வரும் கதிரோ அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். எனவே எதிரில் எதுவும் இல்லாதபோதே, பொருள் இருப்பதாகக் காட்டும் சென்சாரின் சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மாணவர், உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் நீலநிறத் திருகான பிரீசெட்டை ஸ்குரூடிரைவரால் திருகித் திருகிக் குறைப்பார். பிறகு கையைக் காட்டினாலும் எரியாது. எல்இடி, ரிசீவர் இரண்டின் முனைகளும் தகட்டைத் தொடும்படி வைத்து, இடையே கதிர் புகாத தடுப்பு ஒன்றைச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தடுப்பு கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. ரிசீவரின் கறுப்பு உறையே 940 நானோமீட்டர் கதிரை உள்ளே விடத்தானே செய்கிறது! அலுமினியத் தாளை மடித்துச் செருகலாம், ஆனால் அது மின்கம்பிகளில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் எளிய வழி, தகட்டில் இரண்டு துளைகள் போட்டுவிடுவது.

பாட்டிலுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று காட்டும் கருவியும் செய்யலாம் என்று கட்டுரை யோசனை கூறியது. 850 நானோமீட்டர் எல்இடியின் கதிர் பாட்டிலையும் தண்ணீரையும் பெரிய இழப்பின்றிக் கடந்துவிடுவதால், அதை வாங்கிய மாணவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். தண்ணீர் நன்றாக உட்கவரும் 1450 நானோமீட்டர் கதிரை இதற்காகவே பயன்படுத்தும் தொழிற்சாலை சென்சார்கள் உள்ளன. அவற்றின் விலை பள்ளி மாணவருக்குக் கட்டுப்படியாகாது.

செய்முறைகளை வெளியிடும்போது சென்சாரின் அலைநீளத்தையும் பிளாஸ்டிக்கின் வகையையும் சேர்த்துக் குறிப்பிடுமாறும், இந்தக் கட்டுரைக்கு ஒரு சிறு விளக்கத்தை அடுத்த மாணவர் பக்கத்திலேயே வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னணுவியல் விரிவுரையாளர், ஈரோடு