சித்தம்பூண்டிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, பாறையின் தூசு படிந்த மேற்பரப்பை சுமார் 5 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்து எடுத்துவிட்டு, உள்ளே எக்ஸ் கதிரைப் பாய்ச்சி எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. காற்றும் தூசும் படாத உட்பகுதிதான் பாறையின் கதையைச் சொல்லும்.

நம்ம நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக் கல்லும் அப்படித்தான். வெளியே மங்கிக் கிடக்கும். சம்மட்டியால் உடைத்தால் உள்ளே வெள்ளை, நடுநடுவே கறுப்புப் புள்ளிகள். அனார்த்தசைட் என்பார்கள். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமை. நிலவின் மேட்டு நிலங்களும் இதே வகைப் பாறைதான். அதனால்தான் இஸ்ரோ இந்தப் பக்கத்துக் கல்லைப் பொடியாக்கி, பெங்களூரில் நிலவுத் தரை போல அமைத்து, சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் சோதித்தது. அப்புறம் 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3இன் ரோவரான பிரக்யான் நிஜ நிலவில் ஓடி, லேசர் மூலம் அங்கே கந்தகம் இருப்பதை உறுதிசெய்தது.

சுற்றுலா என்றால் ஊட்டி, ஏற்காடு. சரி, போகட்டும். ஒரு நாள் சித்தம்பூண்டிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போய், கையில் ஒரு லென்ஸ் கொடுத்து, உடைத்த கல்லைப் பார்க்கச் சொல்லலாமே! நல்ல பாறைத் திட்டு ஒன்றையாவது ஜல்லிக்குப் போகாமல் கனிமவளத் துறையினர் ஒதுக்கிவைக்க வேண்டும்.

- ஒரு வாசகர், பரமத்தி வேலூர்