கார்ப்பென்டர்ஸ் இசையில் அண்ணனின் பங்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்ப்பென்டர்ஸ் என்ற அமெரிக்க அண்ணன்-தங்கை பாப் இசைக் குழுவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கேரனின் குரலைப் போற்றியதில் குறையில்லை. அவருடைய அண்ணன் ரிச்சர்டை மட்டும் ‘பியானோ வாசித்தவர்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. இது நியாயமில்லை. குழுவை நடத்தியவரே அவர்தான். பாட்டைத் தேர்ந்தெடுத்து, சுருதியைத் தீர்மானித்து, பின்னணிக் குரல்களையும் வாத்தியக் கோர்வையையும் எழுதியவரும் அவர்தான்.

ரிச்சர்ட் 1946இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்தார். 1963இல் குடும்பம் கலிஃபோர்னியாவின் டௌனிக்குக் குடிபெயர்ந்தது. 1966இல் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் நடந்த இசைப் போட்டியில் அவருடைய மூவர் குழு பரிசு வென்றபோது கேரன் அதில் டிரம்ஸ் வாசித்தார். லாங் பீச் கல்லூரியில் ஃபிராங்க் பூலரின் சேர்ந்திசைக் குழுவில் பாடிய பழக்கம், பிறகு அண்ணன் எழுதிய ஒவ்வொரு பின்னணிக் குரலிலும் தெரிகிறது. 1969 ஏப்ரலில் ஏ அண்ட் எம் இசைத்தட்டு நிறுவனத்தின் ஹெர்ப் ஆல்பர்ட் அவர்களை ஒப்பந்தம் செய்தார்.

அந்தப் பின்னணிக் குரல்கள் ஏதோ பெரிய கோஷ்டி பாடியவை அல்ல. நான்கு குரல் வரிசைகளை எழுதி, அண்ணனும் தங்கையுமே ஒவ்வொன்றாகப் பதிவு செய்வார்கள். பிறகு அதே வரிசையை மறுபடியும் பாடி முந்தையதன்மேல் ஏற்றுவார்கள். நான்கு வரிசையை மூன்று தடவை பதிந்தால் பன்னிரண்டு அடுக்கு. கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் ‘ஸ்’, ‘ட்’ போன்ற ஒலிகள் எல்லா அடுக்கிலும் ஒரே கணத்தில் முடியாவிட்டால் சொல்லின் கடைசியில் சரசரப்பு வரும். கமகம்போல் குரல் அசையும் வேகம் மாறினால் அடுக்கு கலங்கிவிடும். நாடாவில் தடங்கள் போதாதபோது பதிந்தவற்றைச் சேர்த்து ஒரே தடத்துக்கு மாற்றுவார்கள். அப்படி மாற்றும் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடும், சேர்த்த குரல்களின் ஏற்ற இறக்கத்தை அப்புறம் திருத்த முடியாது. கணினித் திருத்தம் இல்லாத காலத்தில் இதைச் சாதித்தார்கள்.

1970இல் அமெரிக்காவின் பிரபல பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்ற ‘க்ளோஸ் டு யூ’ புதுப்பாட்டல்ல. பர்ட் பாக்கராக், ஹால் டேவிட் எழுதி, 1963இலேயே ரிச்சர்ட் சேம்பர்லேன் பாடியது. ரிச்சர்ட் கார்ப்பென்டர் அதை நிதானமான நடைக்குக் கொண்டுவந்து, கடைசிப் பகுதியை அரைச் சுரம் உயர்த்தி, முடிவில் அடுக்குக் குரல்களைத் திறந்துவிட்டார். அந்த வடிவம்தான் நிலைத்தது.

தங்கையின் கீழ்ஸ்தாயிதான் பலம் என்று கண்டு அதற்கேற்ற சுருதியில் வைத்ததும் அவர் முடிவு. இந்தப் பாடல்களை மேடையில் பாடும் குழுக்கள் பாடகியின் வசதிக்காக மூன்று நான்கு அரைச் சுரம் ஏற்றிவிடுகிறார்கள். அடிக்குரலின் கனம் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் மெட்டுதான்.

மென்மையான இசைக்காரர் என்று அவரை ஒதுக்குகிறவர்கள் 1972இன் ‘குட்பை டு லவ்’ பாட்டைக் கேட்க வேண்டும். ரிச்சர்ட் மெட்டமைக்க, ஜான் பெட்டிஸ் வரிகள் எழுதியது. அதில் டோனி பெலுசோவின் கரகரக்கும் மின்கிதாரை நடுவிலும் முடிவிலும் வைத்தார். ரசிகர்களிடமிருந்து கோபக் கடிதங்கள் வந்தன. அவர் அதை மாற்றவில்லை. காதல் பாட்டில் இப்படிக் கிதார் ஒலிக்கலாம் என்பதற்கு அது முன்னோடி என்றே சொல்வேன்.

பின்னாளில் ரிச்சர்ட் தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, 1979இல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் சிகிச்சை பெற்றார். 1983 பிப்ரவரி 4 அன்று கேரன் 32 வயதில் இறந்த பிறகு, மீதமிருந்த பதிவுகளைத் தொகுத்து அதே ஆண்டு ஓர் ஆல்பம் வெளியிட்டார்.

இன்று தேடிக் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய பாடல்கள் பலவற்றை ரிச்சர்ட் பிற்காலத் தொகுப்புகளுக்காக மறுகலவை (பதிந்த தடங்களை மீண்டும் புதிதாகக் கலப்பது) செய்திருக்கிறார். ‘டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ பாட்டே 1972 ஆல்பத்தில் ஒரு மாதிரியும், 1973இல் முதலிடம் பிடித்த இசைத்தட்டில் வேறு மாதிரியும் இருக்கும்; கேரன் அதற்காக மறுபடி பாடினார். முதலில் வந்த ஒலி வேண்டுமென்றால் அந்தந்த ஆண்டின் ஆல்பத்தையோ இசைத்தட்டையோ தேடுங்கள்.

அடுத்த முறை இந்தக் குழுவைப் பற்றி எழுதும்போது, பாட்டின் பெயரோடு இசைக்கோர்ப்பு ரிச்சர்ட் கார்ப்பென்டர் என்பதையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.