பிடிபட்ட பாம்புக்குப் பால் ஊட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், வீட்டுத் தோட்டத்தில் பிடிபட்ட ஒரு நல்ல பாம்பின் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் சுருண்டு கிடந்த அதன் முன் ஒரு கிண்ணம் பாலும் இரண்டு கோழி முட்டைகளும் இருந்தன. பசியோடு இருந்த பாம்புக்கு இளைஞர்கள் உணவளித்ததாகப் படத்தின் கீழே குறிப்பு. கம்பை எடுக்காமல் அதை உயிரோடு விட்டுவைத்த அந்தப் பிள்ளைகளை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் படத்தைப் பார்த்தவர்கள் நாளைக்கு அதையே செய்வார்களே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

பாம்புக்குப் பால் உணவே அல்ல. பல நாள் தண்ணீர் காட்டாமல் வாட்டிய பாம்பு, எந்த நீர்மத்தை வைத்தாலும் வாயை நனைக்கும். மகுடி ஊதியவர்களின் கூடையில் பாம்பு பால் குடித்த ரகசியம் இதுதான். குடித்த பாலைச் செரிக்க அதன் வயிற்றால் முடியாது. வாயைப் பிளந்து ஊற்றினால் ஆபத்து இன்னும் அதிகம். பாம்பின் மூச்சுத்துளை தொண்டைக்கு உள்ளே இல்லை. கீழ்த்தாடையின் முன்பக்கம், நாக்கு வெளிவரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் திறந்திருக்கிறது. ஊற்றும் பால் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அப்படி ஊட்டப்பட்ட ஒரு நல்ல பாம்பை எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்குத் துளைகளில் வெள்ளைக் குமிழ்கள் கட்டி உடைந்தன. இரண்டாம் நாள் செத்துப்போனது.

சரி, பால் வேண்டாம், எலி கொடுக்கலாமா என்று கேட்பார்கள். புதிதாகப் பிடிபட்ட பாம்புக்கு அதுவும் வேண்டாம். பயந்திருக்கும் பாம்பு இரையைத் தொடாது. முன்பே விழுங்கியதைக்கூடக் கக்கிவிடும். சாக்குப்பையில் கட்டி வந்த ஒரு கண்ணாடி விரியன், பாதி கரைந்த எலியை வால் முழுசாக இருக்கும்படியே கக்கியதைப் பார்த்திருக்கிறேன். உயிருள்ள எலியைக் கூடவே போட்டு வைப்பது அதைவிட மோசம். இரை எடுக்கும் நிலையில் இல்லாத பாம்பை அந்த எலி கடித்துக் குதறிவிடும். தவிர, எல்லா விஷப் பாம்புக்கும் ஒரே உணவு கிடையாது. கட்டு விரியன் பெரும்பாலும் மற்ற பாம்புகளைத் தின்று வாழ்வது. சுருட்டை விரியனுக்குத் தேள், பூரான், பல்லி, தவளை எல்லாம் இரை. நன்கு வளர்ந்த பாம்பு வாரக்கணக்கில் உண்ணாமல் தாங்கும். ஓரிரு நாள் பட்டினியால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது.

அதற்கு வேண்டியது இருட்டு, அமைதி, நிழல், தண்ணீர். நம் ஊர் வெயிலில் மூடிய பிளாஸ்டிக் டப்பாவை வெளியே வைத்துவிட்டால், மதியத்துக்குள் பாம்பு வெந்து செத்துவிடும். டப்பாவில் காற்றுத் துளை போடும்போது உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் கூரான பிசிறுகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டு மூக்கைக் கிழிக்கும். கம்பிவலைக் கூண்டும் கூடாது; வழி தேடி முட்டி முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். இதெல்லாம் பயிற்சி பெற்றவர்களுக்கான செய்தி. மற்றவர்கள் தள்ளி நின்று வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொன்னாலே போதும். விஷப் பாம்பை வீட்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பிடித்த பாம்பை எப்படி வைத்திருப்பது என்று யாராவது கற்க விரும்பினால், சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் அருகில் உள்ள வடநெம்மேலிக்குப் போகலாம். பாம்பு பிடிப்பதில் தேர்ந்த பழங்குடியினரான இருளர்களின் சங்கம் அங்கே இருக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் என்ற அது 1978இல் தொடங்கப்பட்டது. அங்கே பாம்புகள் இருப்பது மண் பானைகளில். அடியில் மணல், வாயில் துணிக்கட்டு. உள்ளே இருட்டு, குளிர்ச்சி, காற்றும் வரும். நான்கு வாரத்துக்குள் வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, திரும்பவும் உடனே பிடித்துவிடாதபடி அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தின் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்துதான் போகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று ஆய்வு மதிப்பிடுகிறது. இந்த மருந்தும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சு பதறுகிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி சொல்லி முடியாது. படிப்பறிவு இல்லாதவர்கள் என்று நாம் ஒதுக்கிய மக்கள், பாம்பைப் பற்றி நம் பாடநூல்களைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

புற்றுக்குப் பால் வார்க்கும் அம்மாக்களின் பக்தியோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பிடித்து அடைத்த பாம்பின் வாயில் வார்ப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். ஆடி மாதக் கோயில் செய்திகளைத் தாங்கள் தவறாமல் வெளியிடுகிறீர்கள். இந்த ஆண்டு அவற்றின் பக்கத்திலேயே, பாம்பைக் கண்டால் யாரை அழைப்பது என்ற விவரத்தையும், பிடிபட்டதற்குப் பாலோ முட்டையோ இரையோ வைக்கக் கூடாது என்ற ஒரு வரியையும் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திண்டிவனம்.