ஜிஆர்இ எழுதப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இத்தனை வருஷம் வேலை பார்த்துவிட்டு, மறுபடி படிக்கப் போகிறாய், அதற்காக மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜிஆர்இ எழுதப் போகிறாய் என்று வாசித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. திரும்பவும் புத்தகமும் கையுமாக இருக்கிறார். மகள் இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். தேர்வுக்கான ஆங்கிலச் சொற்பட்டியலை அகரவரிசைப்படியே மனப்பாடம் செய்வதாகவும், 'சி'க்கு வருவதற்குள் 'ஏ'யில் படித்ததெல்லாம் மறந்துவிடுவதாகவும் எழுதியிருந்தாய். நானும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நின்றேன். அப்ஜூர் என்றால் இனி வேண்டாம் என்று உறுதிபடக் கைவிடுவது. அட்ஜூர் என்றால் வற்புறுத்திக் கேட்பது. ஒரே சாயலில் இருக்கிற இந்த இரண்டையும் ஒரே நாளில் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் வேலையாகப் பட்டியலைக் கலைத்துப் போட்டுவிடு.

மறதியை நினைத்துச் சோர்ந்துவிடாதே. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, 1885-ல் அதைப் புத்தகமாக எழுதினார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்று அதில் காட்டினார். அதனால் ஒரே மூச்சில் நூறு சொல் படிப்பதைவிட, பதினைந்து சொல்லை நாள் விட்டு நாள் திரும்பப் பார்ப்பது மேல். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சின்ன அட்டை செய்துகொள்: ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருளோடு ஒரு வாக்கியம். திருப்புவதற்கு முன்னால் பொருளை நீயே சொல்லிப் பார்க்க வேண்டும். பொருள் சொல்ல முடிந்த அட்டையை ஒரு வாரம் தள்ளி வை, முடியாததை நாளைக்கே எடு.

இன்னொன்று. எதிர்ச்சொல் கேள்விகள், இரண்டு சொற்களுக்கு இடையிலான உறவைக் கேட்கும் கேள்விகளெல்லாம் 2011-லேயே ஜிஆர்இயிலிருந்து போய்விட்டன. இப்போது சொல் வாக்கியத்துக்குள்தான் வருகிறது. ஒரு வகைக் கேள்வியில் ஆறு சொற்கள் கொடுத்து, வாக்கியத்துக்கு ஒரே பொருள் தருகிற இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதனால் சொற்களைக் குடும்பமாகப் படி. பேச்சு குறைந்தவர்களைச் சொல்ல மட்டும் எத்தனை சொற்கள் பார்: டாசிடர்ன் என்பது இயல்பிலேயே பேசாதவர். ரெடிசென்ட் என்பது தன் மனசில் உள்ளதை வெளியே விடத் தயங்குபவர். லக்கானிக் என்பது சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுபவர்.

இந்த லக்கானிக், பழைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டா இருந்த லக்கோனியா என்ற பகுதியின் பெயரிலிருந்து வந்தது. மாசிடோனிய மன்னன் பிலிப் ஸ்பார்ட்டாக்காரர்களுக்கு, "உங்கள் நாட்டுக்குள் நான் நுழைந்தால் உங்களை அழித்துவிடுவேன்" என்று செய்தி அனுப்பினானாம். அவர்கள் அனுப்பிய பதில் ஒரே சொல்: "நுழைந்தால்." இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் மறக்கவே இல்லை. எல்லாச் சொல்லுக்கும் இப்படிக் கதை கிடைக்காதுதான். கிடைக்கிற இடத்தில் விட்டுவிடாதே.

ஒலியை மட்டும் நம்பாதே. எனர்வேட் என்பதை எனர்ஜியோடு சேர்த்து, தெம்பு தருவது என்று நினைத்துப் பயிற்சித் தேர்வில் தவறாக எழுதினேன். பொருளோ நேர் எதிர்: தெம்பை உறிஞ்சி எடுப்பது. சாங்ஷன் இன்னும் விசித்திரம். அனுமதியும் அதுதான், தண்டனையும் அதுதான். எது என்று முன்னும் பின்னும் வாசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த கடிதத்தில் நீ படித்த பத்துச் சொற்களை வைத்து, உன் வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ பத்து வாக்கியம் எழுதி அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன். என் பழைய அட்டைகள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. வேண்டுமென்றால் சொல், தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்