ஓட்டப் பழகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு, மண்டபம் ஊரிலிருந்து அப்பா எழுதுவது.

கனடாவில் லைசென்ஸுக்கான ரோடு டெஸ்ட்டில் ஃபெயிலாகிவிட்டதை அம்மாவிடம் சொன்னாயாம். "இனிமேல் நான் ஓட்டப்போவதில்லை, அவர்தான் ஓட்டுகிறாரே" என்றும் சொன்னாயாம். போனில் பேசினால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

ஃபெயிலானது எனக்குப் பெரிய விஷயமில்லை. அவர் ஓட்டுகிறாரே என்றாய் பார், அதுதான் பிடிக்கவில்லை. உங்கள் ஊரில் மணிக்கு ஒரு பஸ், பனி கொட்டினால் அதுவும் சந்தேகம் என்று நீதான் சொன்னாய். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாப்பிள்ளை ஷிஃப்ட் முடிந்து வரும்வரை உட்கார்ந்திருப்பாயா? பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்ததே 1988 அக்டோபரில்தான். அதுவரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயில், இல்லாவிட்டால் படகு. உன் அப்பத்தா அங்கே பிறந்தவர். நோவு வந்தால்கூட ரயில் நேரம் பார்த்துத்தான் வர வேண்டும் என்பார். அந்தக் காலம் தாண்டி வந்துவிட்டோம். கனடா போய் நீ அதற்குத் திரும்ப வேண்டாம், தாயி.

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். நீ ஜி-1 என்ற எழுத்துத் தேர்வுக்குப் படித்த ஒன்டாரியோ புத்தகத்தை மாப்பிள்ளையை அனுப்பச் சொல்லி, தம்பியை வாசிக்கவைத்துக் கேட்டேன். கேட்டபிறகு தோன்றியது இதுதான்: உன் கை பழகிவிட்டது, கண்தான் இன்னும் ராமநாதபுரத்தில் இருக்கிறது. இங்கே எதிரே வருகிறவன் முகத்தைப் பார்த்துத்தான் ஓட்டுகிறோம். உச்சிப்புளிப் பக்கம் ஆடு குறுக்கே வரும். பாம்பன் பாலத்தில் நட்டநடுவே காரை நிறுத்திவிட்டு போட்டோ எடுப்பார்கள். ஹாரன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அங்கே ஹாரன் அடித்தால் திட்டியது மாதிரி என்கிறாய். முகத்துக்குப் பதில் போர்டையும் ரோட்டில் போட்ட கோட்டையும் பார்க்க வேண்டிய ஊர் அது. ஸ்டாப் போர்டு என்றால், தெருவில் ஆளே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். நீ மெதுவாக உருட்டிக்கொண்டே போயிருப்பாய், எனக்குத் தெரியாதா! சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பலாம் என்பதும் நின்றுவிட்டுத்தான். நாலு பக்கமும் ஸ்டாப் இருந்தால் முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். ஒரே நேரத்தில் வந்தால் வலது கைப் பக்கம் நிற்பவருக்கு வழிவிடு.

வலது பக்கம் ஓட்டுவது குழப்புகிறது என்றாயாம். ஒன்று மட்டும் மாறவில்லை. இங்கேயும் அங்கேயும் டிரைவர் ரோட்டின் நடுப்பக்கமாகத்தான் உட்காருகிறார். நடுக்கோடு உன் தோள் பக்கம் இருந்தால் நீ சரியாகத்தான் போகிறாய். வண்டிகள் நிறைய ஓடும்போது பயமில்லை, முன்னால் போகிறவர் பின்னாலேயே போய்விடலாம். காலி ரோட்டில்தான், அதுவும் பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போதுதான், பழைய பழக்கம் இடது பக்கம் இழுக்கும்.

லேன் மாறும்போது கண்ணாடியை மட்டும் நம்பாதே, தலையைத் திருப்பித் தோளுக்கு மேலே பார். கண்ணாடியில் விழாத இடம் எந்த வண்டியிலும் உண்டு. மீன் லோடு ஓட்டிய காலத்தில் எனக்குக் கிளீனர் எட்டிப் பார்த்துச் சொல்வான். உனக்குக் கிளீனர் கிடையாது.

பனியைப் பற்றி நான் என்ன சொல்ல? மீன் பெட்டியில் போடும் ஐஸைத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் பாலம் எனக்குத் தெரியும். கச்சான் காற்று மாதங்களில் லோடு இல்லாத லாரியைப் பாம்பன் பாலத்தில் ஏற்றினால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். லோடு இருந்தால் அவ்வளவு தெரியாது. காற்று மிஞ்சினால் பக்கத்துப் பாலத்தில் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். தரையில் போகும் ரோட்டுக்கு அடியில் மண் இருக்கிறது, பாலத்துக்கு மேலேயும் கீழேயும் காற்றுதான். அதனால்தான் உங்கள் குளிரில் ரோடு உறைவதற்கு முன்பே பாலம் உறைந்துவிடுகிறது. பார்ப்பதற்கு வெறும் ஈரம் மாதிரி இருக்குமாம், மேலே ஏறினால் வழுக்குமாம். பாலம் வருவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொள். மேலே போனபிறகு சடாரென்று பிரேக் போடாதே, ஸ்டியரிங்கை ஒடிக்காதே.

அப்புறம், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறார் என்றாயாம். பெண்டாட்டிக்கு வண்டி சொல்லிக்கொடுத்துச் சண்டை போடாத புருஷன் இந்தக் கரையில் கிடையாது. உன் அம்மாவுக்கு நான் டிவிஎஸ் 50 சொல்லிக்கொடுத்த கதையை அவளிடமே கேள். காசு போனாலும் போகட்டும், டிரைவிங் ஸ்கூலில் இன்னும் கொஞ்சம் வகுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி டெஸ்ட்டுக்குப் போ. தேதி கிடைத்ததும் எனக்கு மட்டும் சொல். அம்மாவுக்குத் தெரிந்தால் அன்று வீட்டில் உலை வைக்கமாட்டாள்.

கார் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, குளிர்கால டயருக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதா டயரின் ரப்பர் இறுகி, பிடிமானம் குறைந்துவிடுமாம். இதை மாப்பிள்ளையிடமும் சொல்.

அப்பா